செவிக்கேற்ற கருவி



மட்டக்களப்பு வாவியின் நடுவே, நிலாக் காலத்து இரவில், தோணியை ஓரிடத்தில் நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீருள் விட்டு, மறு நுனியைக் காதோடு அணைத்துக் கேட்பது நம்மவர் நெடுங்காலமாய் அறிந்த ஒன்று. 1848ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்த எமர்சன் டெனன்ற் என்பார், அக்காலத்தில் இலங்கை அரசின் குடியேற்றச் செயலாளராயிருந்தவர், இந்த ஓசையைத் தாமே தோணியிற் சென்று கேட்டார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற் பிறக்கும் நுண்ணொலி போன்றது அது என்று தம் நூலிலே குறித்தார். பாடுவது மீனன்று, ஊரி என்னும் சிப்பியினமே என்று மீனவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாளிலே அருட்தந்தை லாங் என்னும் அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் கல்லடிப் பாலத்தடியில் அவ்வொலியைப் பதிவு செய்தார். பாடுவது மீனோ, ஊரியோ என்ற வழக்கை இன்று நான் தீர்க்கப் போவதில்லை. டெனன்ற் எழுதிவைத்த மற்றொரு குறிப்பே எனக்கு வேண்டியது. தோணியின் மரத்தோடு காதை ஒட்டியபோது அவ்வொலி பன்மடங்கு பெருகிக் கேட்டது என்றார் அவர்.

ஒலி நம் செவிக்குள் வர இரண்டு பாதைகள் உண்டு என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது. ஒன்று காற்றின் வழி: காதுத் துவாரத்தினூடே சென்று, செவிப்பறையை அசைத்து, அதன் பின்னுள்ள மூன்று சிற்றெலும்புகளைத் தள்ளி, நத்தையோடு போலச் சுருண்ட உட்செவியை அடைகிறது. மற்றது திடப்பொருளின் வழி: மரமோ உலோகமோ தலையோட்டைத் தொடும்போது, எலும்பே அதிர்ந்து, வெளிக்காதையும் செவிப்பறையையும் சுற்றிக் கடந்து, நேரே உட்செவிக்கு ஒலியைச் சேர்க்கிறது. காது கேளாமைக்கு எந்தக் கருவி வேண்டும் என்ற கேள்வி, இவ்விரு பாதைகளுள் எது அடைபட்டிருக்கிறது என்ற கேள்வியிலேதான் தொடங்குகிறது. கடைக்குப் போய், ‘நல்ல காது மெசின் ஒன்று தாருங்கள்’ என்று கேட்பவர், கண்ணைச் சோதியாமல் மூக்குக்கண்ணாடி வாங்குபவரை ஒத்தவர்.

முதற் பாதையில் அடைப்பு என்றால் அது பல வேளைகளில் மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ தீரக்கூடியது. குறும்பி இறுகி அடைத்திருப்பதும், செவிப்பறையிலே துளை விழுந்திருப்பதும், நடுக்காதில் நீர் கட்டியிருப்பதும் இவ்வகையைச் சார்ந்தன. நம் பகுதியில் பிள்ளைகளின் காதிலிருந்து சீழ் வடிவதைப் பெற்றோர் ஒரு நோயென்றே கருதுவதில்லை. சூடாக்கிய தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, வளர வளரச் சரியாகிவிடும் என்றிருப்பார்கள். துளைபட்ட செவிப்பறையினூடே அந்த எண்ணெய் நடுக்காதுக்குட் போகும் என்பதையும், அந்தக் காதோடே வாவியில் முழுகிக் குளிப்பது தீமையை வளர்க்கும் என்பதையும் அவர்கள் அறியார். இத்தகைய காதுக்கு முதலில் வேண்டியவர் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர். கருவியைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே. சீழ் வடியும் காதை அச்சு வைத்து இறுக மூடினால் காற்றோட்டமின்றி நோய் பெருகும். நோய் அடங்காதவர்களுக்கென எலும்பு வழிக் கருவி ஒன்று இருக்கிறது. காதின் பின்னெலும்பிலே பட்டியால் அழுத்தியோ, சிறு சத்திரசிகிச்சையாற் பொருத்தியோ வைக்கப்படும் அக்கருவி தலையோட்டை மெல்ல அதிரச் செய்கிறது. தோணி மரத்திற் காதை வைத்த டெனன்றுக்கு நேர்ந்தது இதுவேயாம்.

இரண்டாவது வகைக் கேளாமை உட்செவியிலும் நரம்பிலும் நேர்வது. உட்செவியுள்ளே ஏறத்தாழ 15,000 நுண்மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவை ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதுமை அவற்றை மெதுவாகத் தின்கிறது. பேரோசை அவற்றை விரைவாகத் தின்கிறது. நெல் ஆலையிலே ஆண்டுக்கணக்கில் நிற்பவர், படகின் எந்திரத்துக்கருகே நாள்தோறும் அமர்பவர், 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வெடியோசைக்கு அண்மையிலிருந்தவர் எனப் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்லே எல்லை என்பது தொழிற்சுகாதார அறிஞர் வகுத்த கணக்கு. அருகில் வெடிக்கும் குண்டோ 140 டெசிபெல்லைக் கடந்துவிடும். வெடியாற் கிழிந்த செவிப்பறை ஆறலாம். உள்ளே அழிந்த கலங்கள் ஆறமாட்டா. இவர்களுக்கே பெரும்பாலும் காற்றுவழி ஒலியைப் பெருக்கும் சாதாரணக் கருவி பயன்படுவது.

இவ்விடத்தில் ஒரு சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுக்கு வீடு சண்டை மூட்டுவது இதுதான்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் படுவான்கரையிலே வாழ்கிறார். இளமையில் வடமோடிக் கூத்தாடியவர். ‘எனக்குக் காது கேட்கவில்லை என்று யார் சொன்னது? அடுத்த ஊரில் மத்தளம் அடித்தால் இங்கே கேட்கிறதே!’ என்பார். அது மெய். ஆனால் கூத்துக் களரிக்கு அருகே கொண்டுபோய் இருத்தினால், அண்ணாவியார் பாடுகிற சொல் அவருக்குப் பிடிபடுவதில்லை; சல்லாரியின் கிணுகிணுப்பும் கேட்பதில்லை. காரணம் இது: மத்தளத்தின் முழக்கம் தாழ்ந்த மீடிறன் உடையது, நொடிக்குச் சில நூறு அதிர்வுகளே. சல்லாரி ஒலி பல்லாயிரம் அதிர்வுகளாய் மேலே நிற்பது. முதுமையும் பேரோசையும் முதலில் அழிப்பது மேல்வரிசை ஒலிகளைக் கேட்கும் கலங்களையே.

நம் பேச்சிலும் இப்பிரிவு உண்டு. உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த மீடிறனில் இருக்கிறது. மெய்களுள் க, ச, ட, த, ப முதலிய வல்லினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் குறிகளோ, 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் பெரும்பாலும் கிடக்கின்றன. கடி, படி, தடி, அடி என்னும் நான்கு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். மேல்வரிசை கேளாதவருக்கு நான்கும் ஏறத்தாழ ஒன்றே. ‘படி எடுத்து வா’ என்றால் தடியோடு வந்து நிற்பார், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர் மெல்ல மெல்லச் சபையை விட்டு விலகிவிடுவார். ஒலி கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்பதே அவர் குறை. அவரருகிற் சென்று கத்தினால் உயிரெழுத்துகளே பெருகும். விளங்காமை அப்படியே இருக்கும்.

இன்னுமொன்று. ‘என்ன சொல்கிறாய், உரக்கச் சொல்’ என்பார். சற்றே உரக்கச் சொன்னால், ‘ஏன் இப்படிக் கத்துகிறாய்?’ என்று சினப்பார். வீட்டார் இதைக் கிழவரின் குணக்கேடு என்று எண்ணுவர். அஃது அன்று. உட்செவி பழுதுபட்டவருக்கு மெல்லிய ஒலி கேட்பதேயில்லை. பலத்த ஒலியோ நமக்குக் கேட்பதுபோலவே பலமாய்க் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே அவருக்கு வாய்த்திருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆதலால் அவருக்குரிய கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவிற் பெருக்கக் கூடாது. மெல்லொலியை மிகுதியாகவும், நடுத்தர ஒலியைச் சிறிதாகவும், பேரொலியைப் பெருக்காமலும் விடவேண்டும். அதுவும் அவருக்குக் குறைந்துள்ள மீடிறன்களில் மாத்திரம். 1996ஆம் ஆண்டு முதல் சந்தைக்கு வந்த முழு எண்முறைக் கருவிகள் இதைக் கணினியின் துணையோடு ஒவ்வொருவர் காதுக்கும் தனித்தனியே இசைத்துக் கொடுக்க வழி செய்துள்ளன. தொலைபேசிக் கடைகளிலும் இணையவழி வணிகத்திலும் மலிவாக விற்கப்படும் ஒலிபெருக்கிகள் சிலவற்றில் இவ்வசதி கிடையாது. அவை காற்றையும், மோட்டார் சைக்கிளையும், பாத்திரச் சத்தத்தையும் பேச்சையும் ஒருங்கே உயர்த்திக் காதுக்குள் கொட்டுகின்றன. எஞ்சியிருக்கும் கலங்களையும் அவை கெடுக்கக்கூடும். அலுமாரி இழுப்பறைகளில் உறங்கும் கருவிகளுட் பல இவ்வாறு வாங்கப்பட்டவையே.

ஆகவே முதலில் செய்யவேண்டியது சோதனை. ஒலி புகாத அறையிலே, 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை வெவ்வேறு தொனிகளை எழுப்பி, ஒவ்வொன்றையும் எத்தனை டெசிபெல்லில் நீங்கள் கேட்கத் தொடங்குகிறீர்கள் என்று குறித்து ஒரு வரைபடம் தருவார்கள். காதிற் பொருத்திய செவிப்பொறி வழியும், பின்னெலும்பில் வைத்த அதிர்வி வழியும் இருமுறை சோதிப்பார்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே அகன்ற வெளி இருந்தால் அடைப்பு வெளியில். இரண்டும் ஒட்டிக் கீழிறங்கினால் பழுது உள்ளே. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகுப்பின்படி, நல்ல காதில் 20 முதல் 35 டெசிபெல்லுக்கு உட்பட்ட குறை இலேசானது, 50க்கு உட்பட்டது நடுத்தரம், 65க்கு உட்பட்டது நடுத்தரத்திலும் கடியது, 80க்கு உட்பட்டது கடுமையானது. அதற்கு மேற்பட்டது மிகக் கடியது. இந்தப் படத்தின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள். நாளை வேறொரு நிலையத்துக்குச் சென்றால் அதுவே உங்கள் சாட்சி. தொனிச் சோதனை முடிந்ததும், தமிழ்ச் சொற்களைச் சொல்லி எத்தனை விளங்குகின்றன என்றும் சோதிக்கும்படி கேளுங்கள். அந்நியமொழிச் சொற்களாற் சோதிப்பது ஒருவருடைய காதை அன்று, கல்வியைச் சோதிப்பதாகிவிடும்.

படம் கையில் வந்தபின் வடிவத்தைப் பற்றிப் பேசலாம். பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். வெளியே தெரியாத மிகச் சிறு கருவியே வேண்டும் என்பார்கள். வெட்கத்தின் வலிமையை நான் குறைத்துப் பேசவில்லை. ‘செவிடு’ என்ற சொல்லை வசையாக வழங்கும் ஊரிலே அது இயல்பானது. ஆனால் சிறுமைக்கு ஒரு விலையுண்டு. காதுத் துவாரத்துள் முற்றாய் மறையும் கருவி சிறிய மின்கலத்தால் இயங்குவது. அதன் வலு குறைவு. கடுமையான குறைபாட்டுக்கு அது போதாது. ஒலிவாங்கியும் ஒலிவெளியிடும் வாயும் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதால், பெருக்கத்தைக் கூட்டினால் ‘கீ’ என்று கூவும். குறும்பி எளிதில் வாயை அடைத்துவிடும். எழுபது வயதிலே விரல் நடுங்கும் ஒருவர் அந்த அரிசிமணி போன்ற மின்கலத்தை மாற்றுவது எவ்வளவு கடினம்! வாங்குமுன், அவரையே அந்த மின்கலக் கதவைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். அவரால் இயலாதெனின் அந்தக் கருவி அவருக்குரியதன்று.

காதின் பின்னே அமர்ந்து, குழாய் வழியாக அச்சுக்குள் ஒலியை அனுப்பும் கருவி பெரும்பாலோருக்கு ஏற்றது. இலேசிலிருந்து மிகக் கடிய குறை வரைக்கும் அவ்வகையில் வலு கிடைக்கிறது. மேல்வரிசை மாத்திரம் குறைந்தவருக்கு, காதை அடைக்காத திறந்த முனையுடைய மெல்லிய வகையே இதமானது. ஏனெனில் தாழ்ந்த ஒலிகள் இயல்பாகவே உட்செல்லும், தம் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்காது. சட்டைப்பையில் வைத்துக் கம்பியாற் காதோடு இணைக்கும் பழைய வகையை இகழ வேண்டாம். அதன் விசைகள் பெரியவை, விலை குறைவு, சாதாரண மின்கலத்தால் இயங்குவது. கைநடுக்கமுடைய மூதாட்டிக்கு அது இன்றும் உதவலாம். சட்டைத் துணி உரசும் சத்தமும் சேர்ந்து பெருகும் என்பது அதன் குறை.

இங்கே நம் ஊரின் காலநிலையை மறந்துவிடலாகாது. எழுவான்கரையிற் கடற்காற்று, படுவான்கரையில் வயல் வெம்மை, இரண்டிலும் வியர்வை. ஈரமும் உப்பும் நுண்மின் பொறிக்குப் பகை. ஈரந்தாங்கும் பூச்சுடைய கருவியா என்று வாங்கும்போதே கேளுங்கள். இரவில் மின்கலக் கதவைத் திறந்து, சிலிக்கா மணிகள் இட்ட மூடியுள்ள டப்பாவில் வைத்தெடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்குமுன்னும் குளிக்குமுன்னும் கழற்றிவிடுங்கள். தோணியில் தொழில் செய்பவர் கருவியை மெல்லிய நூலாற் சட்டையோடு பிணைத்துக்கொண்டால், நீரில் விழுந்தபின் வருந்த நேராது.

மின்கலம் தொடர்ந்து வரும் செலவு; அதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். துத்தநாகக் காற்று மின்கலங்கள் நான்கு அளவுகளில் வருகின்றன: 10, 312, 13, 675. அவற்றின் ஒட்டுத்தாளின் நிறம் முறையே மஞ்சள், கபிலம், செம்மஞ்சள், நீலம். எழுத்தறியாதவரும் நிறத்தைச் சொல்லி வாங்கலாம். தாளை உரித்ததும் காற்றுப் பட்டு அவை வேலை செய்யத் தொடங்கும். பின் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் குறைந்துகொண்டே போகும். எனவே முன்கூட்டி உரித்து வைப்பது வீண். உங்கள் கருவிக்குரிய நிறம் உங்கள் ஊர்ச் சந்தியிலோ, மட்டக்களப்பு நகரிலோ கிடைக்கிறதா என்று விசாரித்தபின் முடிவு செய்யுங்கள். மின்னேற்றும் வகை வசதியானதே. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் கிராமத்தவர் சற்று யோசிக்கட்டும்.

இரு காதும் குறைந்தவருக்கு ஒன்றா, இரண்டா? பணம் இடங்கொடுத்தால் இரண்டே நன்று. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரு காதுகளின் வேறுபாட்டைக் கொண்டே அறிகிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் இடப்புறமா, வலப்புறமா என்பதை ஒற்றைக் காது சொல்லாது. ஒன்றே இயலுமாயின், எந்தக் காதில் சொல் தெளிவாய் விளங்குகிறதோ அதற்கே பெரும்பாலும் கொடுப்பார்கள்.

குழந்தைகளின் காரியம் வேறு; அங்கே காலமே பெருஞ் செல்வம். பெரியவர் இழப்பது கேட்ட மொழியை; குழந்தை இழப்பது இனிமேற் பிறக்கவேண்டிய மொழியை. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையின் தொடக்கம் என்பது உலகெங்கும் இத்துறை வல்லுநர் கொள்ளும் இலக்கு. ‘இவன் தகப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்று காத்திருக்கும் பாட்டிமாரின் அன்பு, அந்தப் பிள்ளையின் நாவைக் கட்டிவிடுகிறது. குழந்தைக்குக் காதின் பின் அமரும் வகையே பொருந்தும். காது வளருந்தோறும் மெல்லிய அச்சை மட்டும் சில மாதங்களுக்கொருமுறை மாற்றினாற் போதும். மின்கலக் கதவுக்குப் பூட்டு இருக்கவேண்டும். பிள்ளை மின்கலத்தை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மிகக் கடிய குறையில் கருவி பலன் தராதெனின், உட்செவிக்குள் மின்முனைகளைப் பதிக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி நிபுணர் சொல்வார். அதையும் காலந்தாழ்த்தாது கேட்டறிய வேண்டும். சைகை மொழியோடு கல்வி புகட்டும் பள்ளிகளும் நம் நாட்டில் உள. இரத்மலானையிலும், யாழ்ப்பாணக் கைதடியில் 1956 முதலும் அவை நடைபெற்று வருகின்றன. கருவியும் சைகையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இனிப் பொருத்தும் நாளைப் பற்றி. கருவி முதன்முறை காதேறும்போது உலகம் இரைச்சலாய்த் தோன்றும். மின்விசிறி, காகம், தம் காலடி ஓசை யாவும் தாக்கும். மூளை அவற்றை மறந்து பல ஆண்டுகளாயின அல்லவா? முதல் வாரத்தில் வீட்டுக்குள் ஓரிரு மணி நேரம், ஒருவரோடு மாத்திரம் பேசிப் பழகட்டும். அடுத்து இருவர், பிறகு வெளி வாசல், கடைசியிற் சந்தையும் கோயிலும். சில வாரங்களுக்குப் பின் மீண்டும் நிலையத்துக்குச் சென்று, எங்கே விளங்கியது, எங்கே உறுத்தியது என்று சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். ஆதலால் விற்பவரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி விலையன்று. சில வாரம் அணிந்து பார்த்துத் திருப்பித் தர இயலுமா, பின்னர் எத்தனை முறை இலவசமாய்த் திருத்தித் தருவீர்கள், பழுது பார்க்க எவ்வூருக்கு அனுப்புவீர்கள் என்பவையே அவை. கொழும்புக்கு அனுப்பி ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதானால், அந்த மாதம் அவர் மீண்டும் மௌனத்தில் இருப்பார்.

வாங்க வசதியற்றோர் தத்தம் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரை அணுகி, உதவிச் சாதனங்களுக்கான ஏற்பாடுகளைக் கேட்டறியலாம். செல்லும்போது வைத்திய அறிக்கையும் நான் முன்பு சொன்ன வரைபடத்தின் பிரதியும் கையோடு இருக்கட்டும்.

வீட்டாருக்கு இரண்டொரு வார்த்தை. கருவி அணிந்தவரை முதுகுப்புறமிருந்து அழையாதீர்கள். முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, கத்தாமல், சற்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒருமுறை விளங்காத சொல்லை அதே சொல்லாகத் திரும்பத் திரும்பச் சொல்வதிலும் வேறு சொல்லாற் சொல்வது மேல். ‘படி’ விளங்காவிட்டால் ‘அரிசி அளக்கிற கொத்து’ என்னுங்கள். இருவர் ஒரே நேரத்திற் பேசுவதும், இந்த வானொலியை இரைய விட்டுக்கொண்டே பேசுவதும் அவருக்குப் பெருந் தொல்லை. அவரோடு பேசும்போது என் குரலை நீங்கள் தாராளமாய் அடக்கிவிடலாம்.